சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடுவதில் ஓர் ஆபத்து உண்டு; பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம். அறிக்கை எழுதுவது, போலீஸ் நிலையத்தில் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் கைவைக்கப் போவதில்லை. சிறையிலிருந்து வெளியே வருகிறவரை அவருடைய வீட்டுக்கும் தெருவுக்கும் திரும்பக் கொண்டு சேர்ப்பதுதான் நம் வேலை. அந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய சந்தோஷத்தை மட்டும் சொல்கிறேன். நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தாலும்தான்.

எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பினாங்கில் நிலைத்த குடும்பம். அப்பா ரயில்வேயில் கிளார்க். மகள் டீச்சர் ஆவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மகளோ விடுதலையான கைதிகளுக்கு உதவும் ஒரு சிறிய சங்கத்தில் போய்ச் சேர்ந்தாள். செய்தியைச் சொன்ன அன்று அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "உனக்கு வேற வேலை ஒண்டும் கிடைக்கேல்லையோ பிள்ளை? கள்ளரோடதான் வேலையோ?" என்றார். அம்மா சாமர்த்தியசாலி. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், "அவள் கந்தோரில வேலை செய்யிறாள்" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் ஊருக்கு ஒன்றைச் சொல்லி வீட்டுக்குள் ஒன்றை வைத்துக்கொள்ளும் குடும்பங்களைப் பார்த்து எனக்குக் கோபமே வந்ததில்லை. எங்கள் வீடும் அந்த ரகம்தான்.

அப்படி ஒரு குடும்பத்தின் கதைதான் இது. அந்தக் காலத்தில் நம் ஆட்களில் ஒருவர் சிறைக்குப் போய்விட்டால், வீட்டில் உள்ளவர்கள் அவர் சிங்கப்பூரில் வேலை செய்வதாகச் சொல்வார்கள். சிங்கப்பூர் தூரமாக இருந்தது, அங்கே போனவர் சீக்கிரம் திரும்பாவிட்டாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எங்கள் சங்கத்தில் நாங்கள் கேலியாகச் சொல்லிக்கொள்வோம், சிங்கப்பூரைக் கட்டி எழுப்பியவர்களில் பாதிப் பேர் ஜார்ஜ் டவுன் சிறைச் சுவரைத் தாண்டியதே இல்லை என்று.

எண்பதுகளின் தொடக்கம் அது. பினாங்குத் தீவையும் எதிர்க்கரையையும் இணைக்கும் பாலம் இன்னும் வரவில்லை. அந்தக் கரையில் ரயில் வந்து நிற்கும் பட்டர்வொர்த்துக்குப் போக ஃபெரிதான். செல்வராஜு லாரி டிரைவர். துறைமுகக் கிடங்கில் சரக்குத் திருடிய கும்பலுக்கு லாரி ஓட்டி, அவர்களோடு சேர்ந்து மாட்டிக்கொண்டார். சில வருடம் தண்டனை. உள்ளே இருந்தபோது தச்சு வேலை கற்றுக்கொண்டார். அவருடைய மனைவி பார்வதி, இப்போது நீங்கள் லிட்டில் இந்தியா என்று சொல்கிறீர்களே, அந்த மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடை மாடியில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். ஒரே மகள் மாலதி, பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை.

செல்வராஜு சிங்கப்பூர் போயிருக்கிறார் என்ற பேச்சைக் கட்டிக் காத்தவர் பார்வதி. சும்மா சொல்லவில்லை, உழைத்துக் காத்தார். தீபாவளிக்குத் தீபாவளி மார்க்கெட் ஸ்திரீட்டிலேயே ஒரு நல்ல துண்டும் சோப்புப் பெட்டியும் வாங்கி, "சிங்கப்பூர்ல இருந்து அவரு குடுத்தனுப்பினாரு" என்று பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பார். சிறை வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் கணவரைப் பார்க்கப் போனதே இல்லை. மாலதிதான் மாதம் தவறாமல் போய் வந்தாள்.

விடுதலை நாள் காலையில் நான் சிறை வாசலுக்குப் போனபோது, எனக்கு முன்பே பார்வதி வந்து நின்றிருந்தார். முக்காடு போட்ட தலை, கையில் ஒரு பெரிய புதுப் பெட்டி.

"என்னம்மா இது, வீட்டுக்குத்தானே போறோம்?" என்றேன்.

"நேரா எப்படிக்கா போறது? சிங்கப்பூர்ல இருந்து வர்ற மனுஷன் ஜெயில் ரோட்டுப் பக்கமா நடந்து வருவாரா? ஃபெரில அந்தப் பக்கம் போவோம். தெக்க இருந்து வர்ற ரயிலு வந்ததும் அந்தக் கூட்டத்தோட கூட்டமா இந்தப் பக்கம் வந்துடுவோம். அக்கம்பக்கத்துல எல்லாருகிட்டயும் ரயில்ல வர்றாருன்னு சொல்லிட்டேன்லா."

எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. வெளியே வந்தவரை நேராக வீட்டில் கொண்டு சேர்ப்பதுதான் எங்கள் வழக்கம். வழியில் சுற்றினால் பழைய கூட்டாளிகள் கண்ணில் படுவார்கள் என்பார்கள். ஆனால் நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். துணிகளை இஸ்திரி போட்டு அடுக்கி, மேலே ஒரு பிஸ்கட் டின் வைத்து, கைப்பிடியில் ரயில் பயணிகள் கட்டுவது போல் ஒரு கைக்குட்டையும் கட்டியிருந்தார். ஒருவர் எந்த வாசல் வழியாகத் திரும்பி வர வேண்டும் என்பதை அந்த வீடு தீர்மானிக்கட்டும், நான் யார் குறுக்கே நிற்க என்று தோன்றியது. சீனர் வீட்டில் மீசுவா என்ற மெல்லிய சேமியா சமைத்து வரவேற்பார்கள், நம் வீடுகளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இந்த வீட்டில் பட்டர்வொர்த் போக வேண்டுமாம். சரி, போவோம் என்று நானும் கிளம்பிவிட்டேன்.

தம்பிமார்களே, எத்தனையோ பேர் விடுதலையான நாளை நான் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் ஓடி ஒளிவார்கள். செல்வராஜு அன்று ஃபெரியின் மேல்தளத்தில் நின்று, சட்டை காற்றில் பறக்க, கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தார். மறுபடி நடந்தார். யாரும் தடுக்கவில்லை என்று உறுதி செய்துகொள்வது போல இருந்தது. பட்டர்வொர்த்தில் ரயில் தாமதம். கோப்பிக் கடையில் உட்கார்ந்து காத்திருந்தோம். ரயில் வந்து, ஜனங்கள் மூட்டையும் பெட்டியுமாக இறங்கி வர, நாங்களும் அவர்களோடு கலந்து ஃபெரிக்குத் திரும்பினோம். பார்வதி கணவரின் காதில் சொன்னார்.

"கொஞ்சம் களைப்பா மூஞ்சிய வெச்சுக்கங்க. ராத்திரியெல்லாம் ரயில்ல வந்தவரு மாதிரி."

"சந்தோஷமா இருக்கேன் பார்வதி. களைப்பு வரமாட்டேங்குது" என்றார் செல்வராஜு.

பக்கத்தில் நின்ற நான் கடலைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

ஆயர் ஈத்தாம் பக்கம் அவர்களுடைய பலகை வீடு. பக்கத்து வீட்டுச் சுப்பையா அண்ணன் வேலியோரத்திலேயே பிடித்துக்கொண்டார். செல்வராஜுவுக்குப் பொய் சொல்ல வராது. கேட்ட கேள்விக்கெல்லாம் உள்ளபடியே பதில் சொன்னார்.

"சாப்பாடெல்லாம் எப்படி அங்க?"

"காலையில ரொட்டி, தேத்தண்ணி. மத்தியானம் சோறு, மீனு. நேரம் தவறாம வந்துடும்ணே."

"தங்கறதுக்கு?"

"ரூம் குடுத்துடுவாங்க. கூட ஆளுங்க இருப்பாங்க. விளக்கு அணைக்கறதுக்குக்கூட ஒரு நேரம் இருக்கு."

சுப்பையா அண்ணன் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். "அதான்லா சிங்கப்பூரு! நம்ம ஊர்ல எவன் இவ்வளவு ஒழுங்கா நடத்துறான்?" என்றார். பார்வதி கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

வீட்டுக்குத் திரும்புவது எளிதாக நடந்துவிட்டது. ஊருக்குள் திரும்புவதுதான் நடக்கவில்லை. என் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் செல்வராஜு திறந்திருக்கும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். "உள்ள வாங்க" என்று நான் சொன்னால்தான் வருவார். வேலை தேடினோம். தச்சுப் பட்டறை வைத்திருந்த சீனத் தவுக்கே முதலாளிமார்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். கைவேலையைப் பார்த்து முகம் மலரும். எங்கே கற்றார் என்று கேட்டதும் மலர்ந்த முகம் மூடிக்கொள்ளும். வெளியில் அவரைச் சிங்கப்பூர்க்காரர் என்று எல்லோரும் மதித்தார்கள். அந்த மதிப்பே அவருக்குப் பாரமானது. தெருவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் என்ன கேட்டுவிடுவார்களோ என்று வீட்டுக்குள்ளேயே இருக்க ஆரம்பித்தார். சிறை மாறியதே தவிர அவர் வெளியே வரவில்லை என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மாலதிக்கு ஒரு வரன் வந்தது. எதிர்க்கரையில் நிபோங் திபாலில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துப் பக்கத்துக் குடும்பம். பையன் லாரிப் பட்டறையில் மெக்கானிக். மாப்பிள்ளையின் அம்மா ருக்குமணி, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி வளர்ந்தவர். அவர் குரல் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அவர் நுழைவார். பெண் பார்க்க வந்த அன்று, பையனுடைய பெரியப்பா மாலதியை எங்கேயோ பார்த்து, நல்ல பெண் என்று சொல்லி அனுப்பியதாக ருக்குமணி சொன்னார். பெரியப்பா அன்று வரவில்லை. கோயிலில் பார்த்திருப்பார் என்று பார்வதி முடிவு செய்துகொண்டார். மாலதிக்குப் பையனைப் பிடித்தது. பரிசம் போட நாள் குறித்தார்கள்.

பரிசத்துக்கு முன்தினம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனால் வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றார் செல்வராஜு. "பொண்ணு குடுக்கற எடத்துல பொய் சொல்லிட்டுத் தட்டு மாத்தலாமா? எனக்குக் கை நடுங்கும்க்கா."

"இவரு வாயத் தொறந்தா கல்யாணம் நின்னுடும்" என்றார் பார்வதி. "நம்ம பேருக்கு ஒண்ணு ஆனா போகட்டும். எம்பொண்ணு என்னக்கா பண்ணா? இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்ததெல்லாம் அவளுக்குத்தானே?"

மாலதி அம்மாவையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். "அப்பா எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் உதடு துடித்ததை அப்பாவும் கவனித்தார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையே பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்குச் சுலபம். நாளைக்குக் கல்யாணம் நின்றால் அழப் போவது நானில்லையே. நான் சொன்னது இவ்வளவுதான்: "இது உங்க வீட்டு விஷயம், நானாப் போய் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டா நான் பொய்யும் சொல்ல மாட்டேன். சொல்றதா இருந்தா தட்டு மாத்தறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க." செல்வராஜு மகளின் பக்கம் திரும்பி, "சொல்லலக்கா. அவளுக்காக இருந்துட்டுப் போறேன்" என்றார். பார்வதி நிம்மதியாக மூச்சுவிட்டார். எனக்கு நிம்மதி இல்லை.

மறுநாள் காலை வீடு நிறைந்திருந்தது. சுப்பையா அண்ணன் குடும்பம், துணிக்கடைப் பெண்கள், மாலதியின் ஃபேக்டரித் தோழிகள். கூடத்தில் பாய் விரித்து, வாசலில் கோலம் போட்டு, செல்வராஜு புது வேட்டி சட்டையில் பன்னீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றார். ஃபெரியில் கடந்து வந்த வேன் நின்றது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ருக்குமணிக்குப் பன்னீர் தெளித்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, மாப்பிள்ளைக்கு, அத்தைமார்களுக்குத் தெளித்தார். கடைசியாக, தேங்காய்ப் பழத் தட்டோடு, ஒட்ட வெட்டிய நரைமுடியும் நிமிர்ந்த முதுகுமாக ஒருவர் வந்தார். அவர்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

செல்வராஜுவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவரைப் பார்த்ததும் சட்டென்று வாசற்படியிலேயே குந்திவிட்டார். முதுகை நேராக்கி, தலையைக் குனிந்து, பன்னீர்ச் செம்பை மட்டும் கொட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த முகம் விளங்கியது. சிறையில் ஆள் கணக்கெடுக்க அதிகாரி வரும்போது கைதிகள் வரிசையாக இப்படித்தான் குந்த வேண்டும். வந்தவர் அங்கே வார்டராக இருந்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றவர். சீருடையில் எத்தனையோ முறை நான் பார்த்தவர். வேட்டியில் அடையாளம் தெரியவில்லை. செல்வராஜுவின் மனது பேசாமல் இருப்பது என்று முடிவு செய்திருந்தது. கால்களுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

"என்னாச்சு சம்மந்திக்கு? மயக்கமா?" என்றார் ருக்குமணி. பார்வதி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கெஞ்சலான பார்வையை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பார்க்கவில்லை. என் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. கால் சுளுக்கிக்கொண்டது, அவ்வளவுதான் என்று சொன்னால் போதும், எல்லோரும் நம்பியிருப்பார்கள். பரிசமும் நல்லபடியாக நடந்திருக்கும். பொய் சொல்ல மாட்டேன் என்று முதல் நாள் வீராப்பாகச் சொன்னவள், அந்தப் பார்வைக்கு முன்னால் ஆடிப்போய்விட்டேன்.

ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். இந்த வேலையில் நான் செய்த கஷ்டமான காரியம் அந்த ஒரு நிமிடம் பேசாமல் இருந்ததுதான். அப்போது நான் அவரைக் காப்பாற்றியிருந்தால் அவர் ஆயுசு முழுக்கச் சிங்கப்பூரிலேயே இருந்திருப்பார். நாம் உதவி செய்யப் பழகியவர்கள், தம்பி. யாராவது தடுமாறினால் உடனே கை நீளும், வாய் திறக்கும். சில சமயம் அடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்க்க ஒரு மூச்சு நேரம் விட வேண்டும்.

அடுத்தவர் செய்தது இது. பெரியப்பா தட்டை அருகில் நின்றவரிடம் கொடுத்தார். வேட்டியை லேசாகத் தூக்கிக்கொண்டு, முழங்கால் சத்தம் போட, செல்வராஜுவுக்கு எதிரே தானும் குந்தினார்.

"எழுந்திரிங்க செல்வராஜு" என்றார். உள்ளே நம்பர் சொல்லிக் கூப்பிட்டவர்; கைதிகள் அவரைத் துவான், அதாவது ஐயா, என்று கூப்பிட வேண்டும். "நான் இப்ப துவான் இல்ல. உங்க வீட்டுல பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."

செல்வராஜு எழுந்தார். பெரியவரால் எழ முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. செல்வராஜு பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"துவானா? யாருக்கு யாரு துவான்?" ருக்குமணியின் குரல் ஏறியது. "என்ன நடக்குது இங்க?"

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் செல்வராஜு கையைக் காட்டித் தடுத்தார். "நானே சொல்றேன்" என்றார். "அம்மா, நான் சிங்கப்பூர்ல இல்ல. ஜெயில்ல இருந்தேன். திருட்டுச் சரக்குக்கு லாரி ஓட்டினேன். தப்புதான். இவரு அங்க வார்டரு. எம்மக மேல ஒரு குத்தமும் இல்ல. சொல்லாம விட்டது எங்க தப்பு." நடுங்காத குரலில் சொன்னார். சுப்பையா அண்ணன் வாய் பிளந்தபடி பாயில் உட்கார்ந்துவிட்டார்.

ருக்குமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஜெயிலுக்குப் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை தடவை பேசினோமே, ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னீங்களா? நம்ப வெச்சு ஏமாத்தற வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கறது? எல்லாத் தட்டையும் எடுங்க. வேன்ல ஏத்துங்க."

பார்வதி சுவரைப் பிடித்துக்கொண்டார். கால் சுளுக்கு என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பெரிய பொய்.

"ருக்குமணி, கொஞ்சம் நில்லு" என்றார் பெரியப்பா. "இந்தப் பொண்ண எங்க பார்த்தீங்க, எங்க பார்த்தீங்கன்னு எத்தனை தடவை என்னையக் கேட்ட? ஜெயில்லதான் பார்த்தேன். விசிட்டிங் நாளு தவறாது இது. மழையில நனைஞ்சுகிட்டு வரும், ஃபேக்டரியில நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்காத கண்ணோட வரும். மத்த வீட்டுப் புள்ளைங்க முகத்த மூடிக்கிட்டு நிக்கும். இது தலை நிமிர்ந்து வந்து, எங்கப்பாவப் பார்க்கணும்னு கேட்கும். இவரு முந்தின நாளே சட்டைய மடிச்சுப் பாய்க்கு அடியில வெச்சுப் படுப்பாரு, மக வரும்போது கசங்காம இருக்கணும்னு. உள்ள பார்த்தத வெளியில சொல்லக்கூடாதுன்னு இருந்த ஆளு நான், அதான் எங்கேன்னு சொல்லல. ஆனா இப்படி ஒரு பொண்ணு நம்ம வீட்டுக்கு வரணும்னு அங்க நின்னுதான் நெனச்சேன்."

உள்ளறைக் கதவு திறந்து மாலதி வந்து நின்றாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. அவள் பெரியவரைப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள்.

பார்வதியின் முகத்தை நான் பார்த்தேன். அத்தனை வருடம் எதை ஊர்க் கண்ணில் படாமல் மறைத்து வைத்தாரோ, அங்கிருந்துதான் மகளுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறது. அது அவருக்குள் இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் சத்தம் போட்டு அழுதார். வருத்தத்தில் வந்த அழுகையில்லை அது.

ருக்குமணி யாரையும் விடுவதாக இல்லை. செல்வராஜு முன்னால் போய் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் உண்மையச் சொல்லுங்க. ஒரு தடவையாவது சிங்கப்பூர் போயிருக்கீங்களா?"

செல்வராஜு யோசித்துப் பார்த்து, உள்ளபடியே சொன்னார். "இல்லங்கம்மா. பட்டர்வொர்த் வரைக்கும்தான் போயிருக்கேன்."

ருக்குமணி முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கப் பார்த்தார். முடியவில்லை. முதலில் தோள் குலுங்கியது, பிறகு அந்தப் பெரிய குரலில் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்வதியிடம் போனார். "ஏன்லா சம்மந்தி, இவ்வளவு பெரிய பொய்ய இத்தனை வருஷம் தனியாவா தூக்கிக்கிட்டு அலைஞ்சீங்க? நானா இருந்தா ரெண்டாம் நாளே உளறியிருப்பேன்." பிறகு மகன் பக்கம் திரும்பி, "நீ என்னடா சொல்ற? மரம் மாதிரி நிக்கிற?" என்றார்.

மாப்பிள்ளை அவ்வளவு நேரமும் சீனித் தட்டைத் தூக்கிக்கொண்டே நின்றிருந்தான். "தட்டு கனக்குதும்மா," என்றான், "உள்ள வெச்சுடட்டுமா?"

வீடு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், அழுதேன், மூக்கைச் சிந்தினேன். தட்டு மாற்றும்போது செல்வராஜுவின் கையைப் பார்த்தேன். அது நடுங்கவில்லை.

கல்யாணம் ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. என் அப்பாவை வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன். தாலி கட்டி முடிந்து எல்லோரும் சாப்பிடக் கிளம்பும் நேரம். ருக்குமணியின் உறவுக்காரப் பெண்கள் அங்கங்கே நின்று காதைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் நிபோங் திபால் வரை பரவிவிட்டது என்று தெரிந்தது. நகையெல்லாம் போட்ட ஓர் அத்தை, தெரியாதவர் போல் முகத்தை வைத்துக்கொண்டு, செல்வராஜு காதில் விழும்படியே கேட்டார்.

"ருக்கு, உங்க சம்மந்தி எங்கயோ வெளியூர்ல இருந்தாராமே? எங்க இருந்தாரு?"

பார்வதியின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. ருக்குமணி அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மண்டபத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"ஜெயில்ல இருந்தாரு. அங்க கத்துக்கிட்ட தச்சு வேலை, கை சுத்தமான வேலை. உன் மருமக வந்ததுல இருந்து அலமாரி இல்ல, அலமாரி இல்லன்னு பொலம்பினியே, வேணுமா?"

அத்தைக்கும் சுற்றி நின்றவர்களுக்கும் காதைக் கடிக்க ஒன்றும் மிச்சமில்லை. என் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கட வீட்டிலையும் ஒரு புத்தக அலுமாரி செய்விக்க வேணும்" என்றார்.

செல்வராஜு அப்பாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். மாலையைக் கழற்றிப் பார்வதியின் கையில் கொடுத்துவிட்டு, யாரும் வா என்று கூப்பிடாமலே கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

"முதல்ல யாருக்கு வேணும்?" என்று கேட்டார். "எடத்தப் பார்த்துட்டுத்தான் அளவு சொல்ல முடியும். நாளைக்குக் காலையில வீட்டுல இருப்பீங்களா?"